வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்க, நான் பிஎச்டிக்குப் போனேன்

வெளிநாட்டில் பிஎச்டி படிக்க ஸ்காலர்ஷிப் எங்கே கிடைக்கும் என்று யார் கேட்டாலும் 2020-ல் இருந்த என்னையே பார்ப்பது போல இருக்கிறது. இதே கேள்வியை இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டு அலைந்தேன். தேட வேண்டியது வேறு என்று அப்புறம்தான் புரிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஊர் கடலூர், தேவனாம்பட்டினம் பக்கம். அப்பா துறைமுகத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் எம்.எஸ்சி. 2019-ல் முடித்தேன், புராஜெக்ட் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேற்று மண்ணில். முடித்த கையோடு ஒரு லேபில் தண்ணீர் சாம்பிள் பார்க்கும் வேலை, மாதம் 14,000 ரூபாய்.

புதுச்சேரியில் ஒரு கன்சல்டன்சியில் 30,000 ரூபாய் கட்டினேன். மூன்றே வாரத்தில் இங்கிலாந்திலிருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. அம்மா கேசரி கிண்டி தெரு முழுக்கக் கொடுத்தார். ராத்திரி உட்கார்ந்து பொறுமையாகப் படித்தபோதுதான் மூன்றாம் பக்கத்தில் 'செல்ஃப் ஃபண்டட்', அதாவது எல்லாச் செலவும் நம் கைக்காசு, என்ற வார்த்தை கண்ணில் பட்டது. கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 22,000 பவுண்டு. போன் பண்ணிக் கேட்டால், "அங்க போய்ச் சேர்ந்ததும் ஸ்காலர்ஷிப் போட்டுக்கலாம் மேடம்" என்றார்கள். இதை நம்பாதீர்கள். இங்கிலாந்து அரசின் ஆராய்ச்சிக் கவுன்சில் பணம் 2021 முதல் நம்மைப் போன்றவர்களுக்கும் உண்டு என்பது உண்மைதான், ஆனால் ஒரு வருஷச் சேர்க்கையில் வெளிநாட்டவர் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதுவும் விண்ணப்பிக்கும்போதே போட்டி போட்டு வாங்க வேண்டியது. சீட் கிடைத்தது என்றால் பணம் கிடைத்தது என்று அர்த்தமில்லை.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, "கிளம்பும்மா, பேங்குக்குப் போவோம்" என்றார். அங்கே இருந்த மேனேஜர் லெட்டரை முழுசாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, எங்க அண்ணன் பொண்ணு ஸ்வீடன்ல பிஎச்டி பண்றா, அவளுக்கு மாசாமாசம் சம்பளம் வருது. நீ ஏன் காசு கட்டிப் போற?" பதில் சொல்லத் தெரியவில்லை. லோன் பேப்பரில் கையெழுத்துப் போடாமலே திரும்பி வந்தோம். அந்த மனிதருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியமான சந்திப்பு. புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் 1955-லிருந்து இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பெரிய மகரந்தத் தொகுப்பு இருக்கிறது. என் சேற்று மண் வேலைக்கு அது உதவும் என்று அனுமதி வாங்கிப் போயிருந்தேன். அங்கே பிரான்ஸில் பிஎச்டி முடித்த ஒரு அக்காவைப் பார்த்தேன். டீ குடிக்கப் போன இடத்தில் என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "ஸ்காலர்ஷிப் தேடாதே, வேலை தேடு."

பிரான்ஸில் டாக்டோரல் கான்ட்ராக்ட் என்பது மூன்று வருஷச் சம்பள வேலை. 2019-ல் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணத்தை உயர்த்தினார்களே, அது இளங்கலை, முதுகலைக்குத்தான். பிஎச்டிக்கு இன்றும் வருஷத்துக்குச் சுமார் 400 யூரோதான். ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வே எல்லாவற்றிலும் பெரும்பாலும் பிஎச்டி இடமே வேலை விளம்பரமாகத்தான் வரும். அமெரிக்கா வேறு மாதிரி. அங்கே பெரும்பாலும் அட்மிஷனோடு சேர்த்தே டீச்சிங் அல்லது ரிசர்ச் அசிஸ்டன்ட்ஷிப் (பாடம் நடத்தவோ ஆராய்ச்சியிலோ உதவிச் சம்பளம் வாங்கும் வேலை) தருவார்கள், கட்டணமும் தள்ளுபடியாகும், ஆனால் டிசம்பர் கெடுவை விட்டால் ஒரு வருஷம் போச்சு.

அன்றிலிருந்து ஐரோப்பிய ஆராய்ச்சி வேலை விளம்பரங்கள் வரும் யூராக்ஸெஸ் தளத்தைத் தினமும் லேப் முடிந்து பஸ்ஸில் வரும்போது பார்ப்பேன். ஐரோப்பிய யூனியன் பணத்தில் நடக்கும் மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் பிஎச்டி வேலைகள் அதில்தான் வரும். எந்த நாட்டவரும் போடலாம். முக்கியமான ஒரு நிபந்தனை, வேலையில் சேருவதற்கு முந்தைய 36 மாதத்தில் அந்த வேலை இருக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஊரை விட்டு நகராத நமக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

நேரடியாகப் பேராசிரியர்களுக்கும் 43 மெயில் போட்டேன். முதல் 20 மெயில்களுக்கு ஒரு பதிலும் இல்லை. எல்லாம் ஒரே மெயில், பெயரை மட்டும் மாற்றியது. அந்த அக்காதான் படித்துப் பார்த்துவிட்டு, "இதில் நீ யாரென்றே தெரியலையே, பிச்சாவரத்தில் இடுப்பளவு சேற்றில் நின்று மண் எடுத்ததை எழுது" என்றார். அப்புறம் ஒவ்வொருவரின் சமீபத்திய கட்டுரையைப் படித்து, அதில் எனக்கு எழுந்த ஒரு கேள்வியையும் என் வேலையைப் பற்றி நான்கு வரியையும் எழுதினேன். ஒரு மெயிலுக்கு இரண்டு நாள் ஆனது. மீதி 23-ல் ஆறு பேர் பதில் போட்டார்கள். அதில் நான்கு பேர் 'இப்போது பணம் இல்லை' என்றார்கள், ஒருவர் தன் நண்பரின் விளம்பரத்தை அனுப்பினார். நான் இப்போது இருப்பது அந்த நண்பரின் குழுவில்தான், வடக்கு ஜெர்மனியில்.

இன்டர்வியூ அன்று எங்கள் தெருவில் கரண்ட் கட். பஸ் பிடித்து முள்ளோடை தாண்டிப் புதுச்சேரியில் சித்தி வீட்டில் உட்கார்ந்து பேசினேன். அவர்கள் மார்க்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாம்பிள் கெட்டுப்போனபோது என்ன செய்தாய் என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் நிறையவே பதில் இருந்தது.

2022-ல் கான்ட்ராக்ட் வந்தது. ஜெர்மனியின் பொதுத்துறைச் சம்பள அட்டவணையில் ஈ-13 என்ற நிலையில் 65 சதவீத வேலை, பிடித்தம் போகக் கையில் 1,800 யூரோ அளவில் வந்தது. சம்பளம் காட்டியதால், விசாவுக்காக ஒரு வருஷச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்டும் தேவைப்படவில்லை. சம்பளமில்லாமல் படிக்கப் போகிறவர்கள் 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ அதில் போட்டுக் காட்ட வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். அதற்கு முன் விசா, டிக்கெட், வீட்டு அட்வான்ஸ் எல்லாம் கைக்காசு. அட்வான்ஸ் மட்டுமே மூன்று மாத வாடகை வரை கேட்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. எனக்கு இரண்டரை லட்சம் ஆனது. அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தார், ஒன்பது மாதத்தில் அடைத்துவிட்டேன்.

அரசு உதவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பட்டியல் சாதியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள் குடும்பத்தினர் போன்றோருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கடலூர்க்காரரும் போடலாம், புதுச்சேரிக்காரரும் போடலாம். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மட்டும். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் இருக்கும் என் தோழி இதைத் தெரியாமல் ஒரு மாதம் சான்றிதழுக்கு அலைந்தாள். அப்புறம் ஃபுல்பிரைட்-நேரு டாக்டோரல் என்பது இந்தியாவில் ஏற்கனவே பிஎச்டி பதிவு செய்தவர்கள் சில மாதம் அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்ய. முழுப் பட்டத்துக்கு என்று நினைத்து நேரத்தை விடாதீர்கள்.

இந்த டிசம்பரில் இரண்டு வாரம் ஊரில் இருப்பேன். மெயில் எழுதி வைத்திருப்பவர்கள் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சாயங்காலம் சில்வர் பீச்சுக்கு வாருங்கள், உட்கார்ந்து திருத்துவோம். ஆஃபர் லெட்டர் கையில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், மூன்றாம் பக்கத்தோடு.