புளோரஸ் தீவில் தனியாக சைக்கிள் பயணம்: 6 நாள் போதுமா?

ஈசூன் சைக்கிள்காரன்:

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் ஏர்கான் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம், இந்தியக் கடவுச்சீட்டு. டிசம்பர் கடைசியில் கம்பெனி மூடும்போது இந்தோனேசியாவின் புளோரஸ் தீவைத் தனியாக சைக்கிளில் கடக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. மேற்கே லாபுவான் பாஜோவில் தொடங்கி கிழக்குக் கோடியில் லாரந்துகாவில் முடிப்பது. வரைபடத்தில் ஏறத்தாழ 660 கி.மீ. வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தீவைச் சுற்றி 120 கி.மீ. ஓட்டுகிறேன், மறுநாள் வேலைக்கும் போய்விடுகிறேன். ஆகவே நாளுக்கு 110 வீதம் 6 நாளில் முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சைக்கிளில் முன்னால் ஒரே செயின்ரிங் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்), 42 பல். பின்னால் 11 முதல் 34 பல் வரை. கூடாரம், அடுப்பு எல்லாம் கொண்டுபோக உத்தேசம். நான் சைவம். அந்தப் பக்கம் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மேட்டுப்பாதை:

தம்பி, ஆசை நல்ல ஆசை. கட்டாயம் போங்கள். ஆனால் கிலோமீட்டர் கணக்கைத் தூக்கி ஓரமாக வையுங்கள், அது அந்தத் தீவில் செல்லாது.

நம் ஊரின் ஆக உயரமான புக்கிட் தீமா குன்று 163 மீட்டர். ருத்தேங் ஊர் இருப்பது சுமார் 1,200 மீட்டரில். கடலோரத்து லாபுவான் பாஜோவிலிருந்து அங்கே 130 கி.மீ. போலத்தான், ஆனால் சாலை ஒரே சீராக ஏறாது. ஊரைத் தாண்டியதும் ஒரு மலை. அதில் பாடுபட்டு ஏறியதையெல்லாம் லெம்போர் வயல்வெளிக்கு இறங்கும்போது விட்டுவிட்டு, மறுபடி அடியிலிருந்து ருத்தேங் ஏற வேண்டும். அப்புறம் தெற்குக் கரையில் போரோங் வரை இறக்கம், அய்மெரேயில் கடல் மட்டம், அங்கிருந்து மறுபடி ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி பஜாவா. எண்டேயில் திரும்பவும் கடல். தீவு முழுக்க இதே கதைதான். பைகளோடு செங்குத்தில் மணிக்கு 6, 7 கி.மீ. போனாலே நல்ல வேகம். அந்த வேகத்தில் வெயில் முதுகில் அறையும், காற்றும் இருக்காது.

இன்னொன்று, வெளிச்சம். கடிகாரம் அங்கேயும் நம் நேரம்தான். ஆனால் தீவு கிழக்கே வெகுதூரம் இருப்பதால் காலை 6 மணி வாக்கிலேயே விடிந்துவிடும், மாலை 6 அடிப்பதற்குள் சூரியன் இறங்கிவிடும். இங்கே 7 மணிக்குப் புறப்படும் பழக்கத்தை அங்கே கொண்டுபோனால் ஒரு மணி நேரக் குளிர்ச்சி வீணாகும். ஐந்தரைக்கு சைக்கிளைத் தயார் செய்து, வெளிச்சம் வந்ததும் மிதித்து, 11 மணிக்குள் பெரிய ஏற்றத்தை முடித்துவிடுங்கள். இருட்டில் அந்தச் சாலையில் ஓட்டவே கூடாது. வளைவுக்கு வளைவு லாரி வரும், விளக்குக் கம்பம் கிடையாது.

டிசம்பர் வேண்டாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம், மண் சரிந்து சாலை அடைபடும். எண்டேக்கும் மோனிக்கும் நடுவே ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் பள்ளம். மழையில் அங்கே மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கமும் போக முடியாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பாருங்கள். தேசிய தினத்தை ஒட்டி ஆகஸ்டில் விடுப்பு கிடைத்தால் அருமை.

நான் போடச் சொல்லும் திட்டம்: லெம்போர், ருத்தேங், போரோங், அய்மெரே, பஜாவா. பஜாவாவில் ஒரு நாள் ஓய்வு. பக்கத்தில் இனெரியே எரிமலை அடிவாரத்தில் பெனா என்ற பழங்குடிக் கிராமம், கல் நட்ட முற்றமும் கூரை வீடுகளுமாக. பார்க்காமல் வராதீர்கள். பிறகு இரண்டு நாளில் எண்டே. சுகர்ணோவை டச்சுக்காரர்கள் 1934 முதல் 1938 வரை நாடுகடத்தி வைத்திருந்த ஊர் அது, அந்த வீடு இன்னும் இருக்கிறது. அடுத்து மோனி, கெலிமுத்து எரிமலை ஏரிகளுக்கு ஒரு விடியற்காலை, பாகா, மவுமெரே. ஆக 12 நாள், அதற்கு மேல் இரண்டு நாள் கையிருப்பு. மவுமெரேயில் விமான நிலையம் இருக்கிறது, அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். லாரந்துகா சாலை லெவோதோபி எரிமலைக்குப் பக்கத்தில் போகிறது. 2024 நவம்பரில் அது வெடித்து உயிர்கள் போயின, 2025இலும் பெரிதாகப் பொங்கியது. அதன் சாம்பலால் பாலி விமானங்கள்கூட ரத்தாகின. கையிருப்பு நாள் கேட்பது அதற்கும் சேர்த்துத்தான். பயணக் காப்புறுதியில் எரிமலைத் தாமதம் சேருமா என்று படித்துப் பாருங்கள்.

கூடாரம், அடுப்பு இரண்டும் வேண்டாம். இந்த ஊர்களில் தங்குமிடம் கிடைக்கும். ருத்தேங்கில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதி ஒன்று உண்டு, சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம். இரவில் நேரத்தோடு கதவைப் பூட்டிவிடுவார்கள், அதற்குள் சாப்பிட்டு வந்துவிடுங்கள். ராத்திரி நன்றாகக் குளிரும், கம்பளிச் சட்டை ஒன்று போதும். நடுவில் எங்காவது இருட்டிவிட்டால் கெப்பாலா டேசா, அதாவது ஊர்த் தலைவர் வீட்டைக் கேளுங்கள். நம் ஊர் மலாய் அங்கே தாராளமாகப் போதும். சைவத்துக்குத் தெம்பே, தௌகு போன்ற சோயா உணவுகளும் கீரையும் கிடைக்கும், ஆனால் குழம்பில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு கடையிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசா பாலியில் இறங்கும்போதே எடுக்கலாம், 5 லட்சம் ரூப்பியா, 30 நாள். ரொக்கத்தை ருத்தேங், பஜாவா, எண்டேயில் எடுங்கள். நடுவில் உள்ள சின்ன ஊர்களை நம்பாதீர்கள்.

வார்டு அக்கா:

தம்பி, நான் தாதி. மேலே அண்ணன் சொன்னதில் நாயைக் காணோம், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை. அதனால் நமக்கு அந்தப் பயமே விட்டுப்போய்விட்டது. புளோரஸில் 1997இல் நுழைந்தது இன்னும் இருக்கிறது. ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும் சைக்கிளை நாய் துரத்தாமல் இருக்காது. போவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஊசி, ஒரு வார இடைவெளி. பெரிய மருத்துவமனைகளில் பயணியர் தடுப்பூசிப் பிரிவு இருக்கிறது. இதைப் போட்டிருந்தால், கடி பட்டாலும் பிறகு இன்னும் இரண்டு ஊசியோடு முடியும். போடாமல் போனால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் சேர்த்து வேண்டும், அது சின்ன ஊர்களில் கிடைப்பது சிரமம். முன்பே போட்டிருந்தாலும் கடிபட்ட இடத்தை உடனே சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

மலேரியாவும் உண்டு. மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கும்போது நாள் முழுக்க வெயிலில் ஓட்டப்போகிறேன் என்பதைச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் சாப்பிட்டால் சிலருக்கு வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும். வேறு மாத்திரை இருக்கிறது.

ஈசூன் சைக்கிள்காரன்:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. சூப்பர்வைசரிடம் ஆகஸ்ட் விடுப்புக்குப் பேசிவிட்டேன், அவரும் சரி என்றார். நாய் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, ஊசிக்கு இந்த வாரமே பதிகிறேன். கியர் போதுமா? பயிற்சிக்கு இங்கே எங்கே ஏறுவது?

மேட்டுப்பாதை:

42க்கு 34 போதாது தம்பி, முட்டி போய்விடும். செயின்ரிங்கை 32க்கு மாற்றுங்கள், டிரேலியர் (கியர் மாற்றும் கருவி) இடம் கொடுத்தால் பின்னால் 42 பல் வரை போகும் கேசட் (பல்சக்கரத் தொகுதி) போடுங்கள். டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பிரேக் பேட் இரண்டு ஜோடி கூடுதலாக எடுங்கள். ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், ருத்தேங்கிலிருந்து போரோங் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பிடித்து டிஸ்க் கொதிக்கும். இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள்.

ட்யூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வழியெல்லாம் தம்பால் பான், அதாவது பஞ்சர் கடைகள் உண்டு. எல்லாம் மோட்டார்சைக்கிளுக்கானவை, காற்றடிக்கும் குழாய் தடித்த வால்வுக்குத்தான் பொருந்தும். வேலை மட்டும் அசல் வேலை. போவாவேயில் ஒரு பையன் என் ட்யூபை ஒட்டினான். பழைய பிஸ்டன் ஒன்றைக் கவ்வியில் முடுக்கி, அதன் குழிவில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினான். அந்தச் சூட்டில் ரப்பர்த் துண்டு ட்யூபோடு ட்யூபாக உருகிச் சேர்ந்தது. தீ தானாக அணையும்வரை தொடவிடவில்லை. பிறகு தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி இல்லை என்று எனக்குக் காட்டிய பிறகே காசு வாங்கினான். அந்த ஒட்டு இன்னும் பிரியவில்லை.

பயிற்சிக்கு வார நாளில் ஃபேபர் மலையைத் திரும்பத் திரும்ப ஏறுங்கள், பைகளைக் கட்டிக்கொண்டு. ஒரு நீண்ட வாரயிறுதியில் மலேசியாவில் குவாலா குபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்கு ஏறிப் பாருங்கள், அதே சுமையோடு. மேலே போய்ச் சேர்ந்த மறுநாளும் காலில் தெம்பு இருந்தால் நான் சொன்ன 12 நாள் உங்களுக்குச் சரி. இல்லையென்றால் போரோங்கிலும் ஒரு நாள் ஓய்வு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மவுமெரேயிலிருந்து சின்ன விமானம்தான் வரும். சைக்கிள் பெட்டியின் அளவைச் சொல்லி, ஏற்றுவார்களா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.