‘எ செபரேஷன்’: நாதெர் பக்கமா, சிமின் பக்கமா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்): பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட முதியோர் தனித்திருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு என்பதால், அஸ்கர் ஃபர்ஹாதியின் இந்த ஈரானியப் படம் (2011) எங்கள் வீட்டில் வாக்குவாதத்தையே கிளப்பிவிட்டது. மகளின் எதிர்காலத்துக்காக நாட்டை விட்டுப் போக விரும்பும் சிமின், மறதிநோயுற்ற தந்தையை விட்டு வர மறுக்கும் நாதெர், இருவரில் யார் பக்கம் நியாயம்?

பதில் (ஏற்காடு): தந்தையைக் குளிப்பாட்டும்போதே நாதெர் உடைந்து அழும் காட்சிக்குப் பிறகு என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. ஆனால் தந்தையைக் கவனிக்க வந்த பணிப்பெண், நாதெர் தள்ளிவிட்டதால் தன் கரு கலைந்ததாகக் கூறும் வழக்கில், அப்பெண் கர்ப்பிணி என்பது தெரிந்திருந்தும் தெரியாதென்று நீதிபதியிடம் அவர் சாதிப்பதை ஏற்க இயலவில்லை.

பதில் (செவ்வாய்ப்பேட்டை): அந்தப் பணிப்பெண் ராஸியேவை மறந்துவிடாதீர்கள். முதியவரின் உடையை மாற்றுவது பாவமா என்று தொலைபேசியில் கேட்டறிந்த பின்னரே செயல்படும் அவர், இழப்பீட்டுப் பணம் மிகவும் தேவைப்பட்டும் குர்ஆன் மீது பொய்ச்சத்தியம் செய்ய மறுக்கிறார்.

கேள்வி கேட்டவர்: உண்மைதான். தந்தையைக் காக்க மகள் தெர்மேயும் பொய் சொல்ல நேர்ந்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் வலிக்கிறது.