சீட்டில் 228.5, கையில் 457 சிரப்: எத்தனை எம்எல் கொடுப்பது?

நிலாக்குட்டி அம்மா:
வணக்கம். மகளுக்கு 2 வயது, எடை 11 கிலோ. காலில் கொப்புளம் சீழ் வைத்ததற்கு டாக்டர் அமாக்சிசிலின்–கிளாவுலனிக் ஆசிட் ட்ரை சிரப் எழுதியிருக்கிறார். சீட்டில் இருப்பது: 228.5, 6 எம்எல், காலை–இரவு, 7 நாள். கடையில் "457தான் இருக்கு, அதே மருந்துதான்" என்று 30 எம்எல் பாட்டில் கொடுத்தார்கள். இதிலும் 6 எம்எல்லே கொடுக்கலாமா?

இன்னொன்று. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கினேன். நுரை அடங்கினதும் மருந்து கோட்டுக்கு அரை விரற்கடை கீழே நிற்கிறது. இன்னும் ஒரு வேளைகூடக் கொடுக்கவில்லை.

மருந்தாளுநர், தென்காசி:
6 எம்எல் கொடுக்காதீர்கள் சகோதரி, மருந்து இரட்டிப்பாகிவிடும்.

228.5 என்பது இரண்டு மருந்தின் கூட்டுத்தொகை. 5 எம்எல்லில் அமாக்சிசிலின் 200 எம்ஜி, கிளாவுலனிக் ஆசிட் 28.5 எம்ஜி. 457-ல் அதுவே 400, 57. டோஸ் கணக்குப் போடுவது அமாக்சிசிலினை வைத்துத்தான். டாக்டர் எழுதிய 6 எம்எல்லில் 240 எம்ஜி இருக்கிறது. உங்கள் பாட்டிலில் ஒரு எம்எல்லுக்கு 80 எம்ஜி, ஆக 3 எம்எல். இரண்டு வேளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 480 எம்ஜி. 11 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்குச் சுமார் 44. வழக்கமான 45-ஐ ஒட்டி வருவதால் டாக்டர் எடை பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

இருந்தாலும் முதல் வேளைக்கு முன் கிளினிக்குக்கோ கடைக்கோ போன் போட்டு, "457, 3 எம்எல், சரியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சீட்டில் இன்னும் 6 என்றுதான் இருக்கிறது. நீங்கள் இல்லாத நேரம் ஆச்சி அதைப் படித்து ஊற்றிவிடக்கூடும். பழையதை அடித்து, பாட்டில் லேபிளிலும் பெரிதாக "3 எம்எல்" என்று எழுதி வையுங்கள்.

இந்தப் பாதிக் கணக்கு எல்லா பாட்டிலுக்கும் பொருந்தாது. 156.25 என்று ஒன்று வரும். அதில் 125-க்கு 31.25. கிளாவுலனிக் பங்கு கூடுதல். அதை இஷ்டத்துக்கு ஏற்றினால் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும்.

இனி தண்ணீர். ஒரு வேளையும் எடுக்கவில்லை என்பதால், குறைந்த அளவுக்கு இப்போது ஊற்றிக் கோட்டைத் தொடவைத்து மறுபடி குலுக்குங்கள். ஒரு வேளை எடுத்தபிறகு ஊற்றவே கூடாது, மருந்து நீர்த்துவிடும். கோட்டுக்குக் கீழே அப்படியே விட்டாலும் தவறு: பாட்டிலில் மொத்தம் 2400 எம்ஜி, 27 எம்எல்லோடு நின்றால் 3 எம்எல்லில் 267 எம்ஜி போகும்.

அடுத்த பாட்டிலை மூடியோடு உள்ளங்கையில் தட்டி, அடியில் ஒட்டிய பொடியை முதலில் உதிர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கினதும் மீதியை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். தண்ணீர் முழுக்க ஆறியிருக்கட்டும், வெந்நீரில் கிளாவுலனிக் ஆசிட் கெட்டுப்போகும். பெட்டிக்குள் தண்ணீர்க்குப்பி இருந்தால் அதையே ஊற்றுங்கள். பொடி கட்டிதட்டியிருந்தால் வாங்காதீர்கள்.

வார்டு சிஸ்டர்:
ஸ்பூனும் வேண்டாம், பாலாடையும் வேண்டாம் அம்மா. பாலாடையில் ஊற்றினால் மூக்கிலும் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டே பாதி நின்றுவிடும். ஊசி இல்லாத 5 எம்எல் சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் பாட்டிலை நன்றாகக் குலுக்கிய பிறகே இழுக்க வேண்டும், மருந்து அடியில் படிந்துவிடும். கண்மட்டத்தில் பிடித்து, ரப்பரின் நுனிப்பக்க விளிம்பு 3-ஐத் தொடுகிறதா என்று பாருங்கள். காற்றுக்குமிழி நின்றால் வெளியே தள்ளிவிட்டு மறுபடி அளவு பாருங்கள்.

குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்கினபின் அடுத்ததை விடுங்கள். படுக்கவைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுவது ஆபத்து. அழும்போது புரையேறி மருந்து மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். பால் பாட்டிலிலும் கலக்காதீர்கள், பாதிப் பாலை வைத்துவிட்டால் எவ்வளவு போனது என்றே தெரியாது. சாப்பாட்டின் தொடக்கத்தில் கொடுத்தால் வயிறு அவ்வளவாகக் கெடாது.

அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவு ஒரு முறை மறுபடி கொடுக்கலாம். அதற்குப் பிறகு என்றால் வேண்டாம். திரும்பவும் எடுத்தால் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

நிலாக்குட்டி அம்மா:
போனில் கேட்டாயிற்று, 3 எம்எல் என்று உறுதி செய்தார்கள். ரொம்ப நன்றி. 14 வேளைக்கு 42 எம்எல் ஆகிறதே, இரண்டாவது பாட்டிலையும் இப்போதே கலக்கிவிடவா? மிச்சத்தை என்ன செய்வது?

மருந்தாளுநர், தென்காசி:
முதல் பாட்டில் தீர்ந்தபிறகு கலக்குங்கள். கலக்கிய மருந்து ஃப்ரிட்ஜில் 7 நாள்தான். உள்தட்டில் வையுங்கள், கதவிலும் ஃப்ரீசரிலும் வேண்டாம். கலக்கிய தேதியை லேபிளில் எழுதுங்கள். நிறம் பழுப்பேறினால் கொடுக்காதீர்கள்.

7 நாள் முடிந்தபின் மிஞ்சும் 18 எம்எல்லை அடுத்த சளிக்கென்று எடுத்துவைக்காதீர்கள். அதற்குள் வீரியம் போய்விடும், சாதாரண வைரஸ் சளிக்கு இந்த மருந்து கேட்கவும் கேட்காது.

குழந்தை மருத்துவர், மதுரை:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. வெறும் அமாக்சிசிலினில் டிராப்ஸ் என்று வருவது ஒரு எம்எல்லுக்கு 100 எம்ஜி. 125 சிரப் 5 எம்எல்லுக்கு 125, அதாவது எம்எல்லுக்கு 25தான். டிராப்ஸை சிரப் அளவுக்குக் கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். சின்ன பாட்டில் என்றால் மருந்து லேசானது என்று நினைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தையின் சீட்டோடும் ஒப்பிட வேண்டாம். நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அமாக்சிசிலின் அளவு வேளைக்குக் கிலோவுக்கு 40 எம்ஜி, நாளுக்கு இரண்டு வேளை. நோயைப் பொறுத்து அளவு மாறும்.

லேசாக வயிறு போனால் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டு மருந்தைத் தொடரலாம். மலத்தில் ரத்தம் வந்தால் நிறுத்திவிட்டு வாருங்கள். உடம்பில் தடிப்பு எழும்பினால் அடுத்த வேளை கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். முகமோ உதடோ வீங்கினால், மூச்சு இழுத்தால், காத்திருக்காமல் 108.

சீழ்ப்புண் இரண்டு மூன்று நாளில் வற்றத் தொடங்க வேண்டும். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் ஏறினாலோ 7 நாள் முடியட்டும் என்று இருக்காமல் அன்றே காட்டுங்கள். வற்றிவிட்டது என்று 3-ஆம் நாளே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.