பூசியா கவுன்டி (கென்யா): ஏரிக்கரை ஊரா, எல்லை ஊரா?

வழிப்போக்கன் கேட்டது:

போன மாதம் கம்பாலாவில் இருந்து நைரோபிக்கு ராத்திரி பஸ் ஏறினேன். நல்ல தூக்கத்தில் எழுப்பி பூசியா வந்தாச்சு, இறங்குங்கள் என்றார்கள். ஒரு பெரிய ஹால், ஒரு கவுன்டரில் உகாண்டா முத்திரை, அடுத்த கவுன்டரில் கென்யா முத்திரை, அவ்வளவுதான். எல்லைக்கு முன்னால் பார்த்த போர்டிலும் பூசியா, தாண்டி வந்து டீ குடித்த கடை போர்டிலும் பூசியா! மேப்பை எடுத்துப் பார்த்தால் கென்யாவின் பூசியா கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) விக்டோரியா ஏரிக்கரையில் இருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் நான் பார்த்ததெல்லாம் லாரிகள்தான், ஏரியின் வாடையே இல்லை. ஒரே பெயரில் இரண்டு ஊர் எப்படி வந்தது? அங்கே மக்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள், மீனா, லாரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபடப்பித்தன்:

ஊர் ஒன்றுதான் நண்பரே, கோடுதான் நடுவில் வந்தது. 1902 வரைக்கும் இந்தப் பக்கம் முழுக்க, நைவாஷா வரை, உகாண்டாவின் கிழக்கு மாகாணம். அந்த வருஷம் ஏப்ரல் 1ம் தேதி பிரிட்டிஷ்காரர்கள் அதை அப்படியே எடுத்து, பின்னால் கென்யா ஆன கிழக்கு ஆப்பிரிக்கப் பாதுகாப்புப் பகுதியோடு சேர்த்துவிட்டார்கள். புதிதாகப் போட்ட ரயில் பாதை முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கட்டும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தெற்கே சியோ ஆறு, வடக்கே மலாபா ஆறு என்று எல்லை வகுத்தார்கள். ஆற்றுக்கு இரண்டு கரையிலும் இருந்தது ஒரே ஜனம். தெற்கே சாமியா, வடக்கே டெசோ, இரண்டு இனத்துக்கும் பாதிச் சொந்தம் அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். சாமியாக்காரர்கள் அந்தக் காலத்திலேயே தங்கள் குன்றுகளில் கிடைத்த இரும்புக் கல்லை உருக்கி மண்வெட்டி அடித்து விற்றவர்கள். வாங்க வந்தவனிடம் நீ எந்த நாடு என்று அப்போது யார் கேட்டிருப்பார்கள்?

1976 பிப்ரவரியில் அப்போது உகாண்டாவை ஆண்ட இடி அமீன் இந்தப் பழைய கணக்கைத் தோண்டி எடுத்து, மேற்குக் கென்யா எங்களுடையது என்று கிளப்பினார். கென்யாவில் பெரிய கொதிப்பு, அப்புறம் அவரே பின்வாங்கினார்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. உகாண்டா ரயில்வேக்கு முதலில் அளந்தபோது கடைசி ஸ்டேஷனாகக் குறித்தது இந்தக் கவுன்டியின் ஏரிக்கரையில் இருக்கும் போர்ட் விக்டோரியாவைத்தான். பிறகு தூரம் மிச்சமாகும் என்று கிசுமு பக்கம் திருப்பிவிட்டார்கள், 1901ல் தண்டவாளம் அங்கே போய் ஏரியைத் தொட்டது. கிசுமு இன்று பெரிய நகரம். போர்ட் விக்டோரியாவுக்குப் பெயரில் மட்டும்தான் ராணி, மற்றபடி மீன் இறங்குகிற சின்ன ஊர்.

கம்பாலாவாசி:

மீனா லாரியா என்றால் என் ஓட்டு லாரிக்கு. மொம்பாசா துறைமுகத்தில் இறங்கி உகாண்டா, ருவாண்டா, காங்கோ, தெற்கு சூடான் என்று போகிற சரக்கில் பெரும்பகுதி மலாபா வழியாகவோ பூசியா வழியாகவோதான் போகும், அந்த இரண்டு எல்லை வாசலும் இந்த ஒரே கவுன்டிக்குள் இருக்கின்றன. நீங்கள் பார்த்த ஹால் 2018ல் அப்போதைய கென்ய அதிபர் கென்யாட்டாவும் உகாண்டா அதிபர் முசெவெனியும் சேர்ந்து திறந்தது. அதற்கு முன்னால் அந்தப் பக்கம் ஒரு வரிசை, இந்தப் பக்கம் ஒரு வரிசை, லாரி நாள்கணக்கில் நிற்கும். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2022 ஜனவரியில் டிரைவர்களுக்குக் கட்டணக் கோவிட் டெஸ்ட் என்று உகாண்டா சொன்னதும் அவர்கள் வண்டியை நிறுத்திவிட்டார்கள், கிலோமீட்டர் கணக்கில் வரிசை, கம்பாலாவில் பெட்ரோல் விலை ஏறி நாங்கள் பங்க் பங்காக அலைந்தோம்.

இரண்டு செக்போஸ்டுக்கும் நடுவில் அரை மைல் போல யாருக்கும் சொந்தமில்லாத ரோடு இருந்ததாம், மூட்டையோடு நடக்க முடியாதவர்களைக் கேரியரில் உட்கார வைத்து சைக்கிள்காரர்கள் பார்டர், பார்டர் என்று கூவிக் கூட்டிப்போவார்கள். இன்று கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க மோட்டார் பைக் டாக்ஸிக்கு போடா போடா என்கிறார்களே, அந்தப் பெயர் பிறந்தது இங்கேதான். மலாபாக்காரர்கள் எங்கள் ஊர் என்று சண்டைக்கு வருவார்கள், அது வேறு கதை.

லாரியை விட்டால் தலைச்சுமை வியாபாரம். உகாண்டாவில் இருந்து சோளம், பீன்ஸ், வாழைக்காய், முட்டை வரும். பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். 2,000 டாலருக்கு உட்பட்ட சரக்கு பட்டியலில் இருந்தால், ஒரு எளிய சான்றிதழோடு சுங்க வரி இல்லாமல் கொண்டுபோகலாம். அது தெரியாமல் இன்னும் காட்டுப்பாதையில் போகிறவர்களும் உண்டு, தெரிந்தே போகிறவர்களும் உண்டு :) 2021 மார்ச்சில் பூஞ்சை நஞ்சு இருக்கிறது என்று கென்யா திடீரென்று உகாண்டா சோளத்தை நிறுத்தியது, சில நாளில் தடையை எடுத்துவிட்டார்கள் என்றாலும் அன்றாடம் வாங்கி அன்றாடம் விற்கிறவர்களுக்கு அந்தச் சில நாளே போதும்.

வழிப்போக்கன்:

அருமை! அப்போ ஏரி சும்மா பேருக்குத்தானா?

தாமரை:

கம்பாலாவாசி அண்ணா ரோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார். நான் இந்தக் கவுன்டியின் தெற்கே, ஏரியை ஒட்டிய புடலாங்கி பக்கம் ஒரு பள்ளித் திட்டத்துக்காக ஏழு மாதம் இருந்தேன். ஏரியில் கென்யாவின் பங்கு சுமார் 6 சதவீதம்தான், மீதி டான்சானியாவும் உகாண்டாவும். அதனால் மீன் தேடிக் கொஞ்சம் தள்ளிப் போனாலே உகாண்டா தண்ணீர், ரோந்துப் படகு பிடித்தால் வலையும் போச்சு, இன்ஜினும் போச்சு. தண்ணீரில் போர்டா வைத்திருக்கிறார்கள்?

1950களில் ஏரியில் விட்ட நைல் பெர்ச், நம் கொடுவா மீனின் நெருங்கின உறவு, 80களில் பெருகி உள்ளூர் மீன் இனங்களைக் காலி செய்தது. சதை ஐரோப்பாவுக்குப் போனது, தலையோடு மிஞ்சின முள்ளைப் பொரித்து விற்றார்கள், அதற்குச் சுவாஹிலியில் முகோங்கோ வாசி, அதாவது திறந்த முதுகு, என்று பெயர். ஏழைகள் வாங்குவது அதையும் ஓமேனாவையும். ஓமேனா நெத்திலி மாதிரி ஒரு விரல் நீளப் பொடிமீன், காலையில் கரை முழுக்கப் பழைய வலையை விரித்துக் காயப்போடுவார்கள், பெண்கள் குனிந்தபடியே குச்சியால் கிளறிவிடுவார்கள், என் துணியில் அந்த வாடை ஊருக்கு வந்தும் போகவில்லை.

புடலாங்கியில் பெரிய பயம் மீன் இல்லை, ந்சோயா ஆறு. மேட்டுநிலத்து மண்ணையெல்லாம் அடித்து வந்து கடைசியில் இங்கே கொட்டுகிறது, ஆற்றுப்படுகை உயர்ந்துகொண்டே போகிறது, இரண்டு பக்கமும் கரை எழுப்பி அதற்குக் கீழே வயல்கள். கரை உடைந்தால் அவ்வளவுதான். 2020ல் ஏரி மட்டமும் 1964க்குப் பிறகு காணாத உயரத்துக்கு ஏறியதால் முன்னால் ஏரி, பின்னால் ஆறு. நான் தங்கியிருந்த வீட்டுச் சுவரில் என் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு இருந்தது, அந்த அம்மா அதன் மேல் வெள்ளையடிக்கவே இல்லை, எதற்கு, திரும்ப வருமே என்றார்.

இன்னொன்று. 2019ல் பானர்ஜி, டுஃப்லோவோடு பொருளாதார நோபல் வாங்கிய அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மைக்கேல் கிரெமர் 1998ல் தொடங்கிய குடற்புழு மாத்திரை ஆய்வு இந்தப் பூசியாவின் 75 பள்ளிகளில் நடந்தது. மாத்திரை கொடுத்த பள்ளிகளில் லீவு போடுவது கால் பங்கு குறைந்தது என்று சொன்னார்கள், கணக்கு சரியா என்று பின்னால் பெரிய வாக்குவாதமும் நடந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வந்த புழுக்களில் ஒரு வகை ஏரித் தண்ணீரில் இறங்குவதால் தோல் வழியாகவே ஏறுவது. ஏரி பேருக்கா இருக்கிறது?

கம்பாலாவாசி:

சரி தாமரை, ஒத்துக்கொள்கிறேன். இருபது தடவை தாண்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட தெற்கே திரும்பியதில்லை.

தாமரை:

திரும்பினால் அமாவாசையை ஒட்டி வாருங்கள். ஓமேனா விளக்குக்கு வரும், நிலா இருந்தால் வராது. அந்த ராத்திரிகளில் போர்ட் விக்டோரியா கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் மேல் வரிசையாக விளக்கு, அதில் எது கென்யாப் படகு, எது உகாண்டாப் படகு என்று கரையில் யாருக்கும் சொல்லத் தெரியாது.