சூரியக் காற்றில் எந்தக் கருவி அசையும்?

வைகைக்கரையான், மதுரை:
மேல்நிலை வகுப்பில் சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான ஆதித்யா-எல்1 பற்றிப் பேசுகையில், பூமியின் அருகே சூரியக் காற்றில், அதாவது சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டத்தில், ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5 புரோட்டான்களே உள்ளன என்றேன். ஆண்டிப்பட்டிப் பக்கத்து மாணவி ஒருத்தி, "எங்கள் ஊர்க் காற்றாலை சுழலவே ஆடிக் காற்று வேண்டும் ஐயா, இந்த வெறுமையில் எந்தக் கருவி அசையும்?" என்றாள். என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை.

கொடைச்சாரல்:
எதுவும் அசைய வேண்டியதில்லை. அங்கே நடப்பது துகள்களை எண்ணும் வேலை. அடர்த்தி குறைவென்றாலும் வேகம் நொடிக்கு 400 கிலோமீட்டர் என்பதால், காற்றுக்கு நேரே பிடித்த ஒரு சதுர சென்டிமீட்டரை நொடிக்கு 20 கோடி புரோட்டான்கள் கடக்கின்றன. (பெருக்கலைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள், அவள் ஒப்புக்கொள்வாள்.) உள்ளே நுழையும் துகள்கள், மின்னழுத்தம் ஏற்றிய இரு வளைந்த தகடுகளுக்கு இடைப்பட்ட குறுகிய வழியில் செல்கின்றன. அந்த அழுத்தத்துக்கு ஏற்ற ஆற்றல் உடையவை மட்டுமே வளைவைக் கடக்கும், மற்றவை சுவரில் மோதி நின்றுவிடும். கடந்தவற்றை உணர்கருவி எண்ணுகிறது. அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி எண்ணினால் எண்ணிக்கை ஓரிடத்தில் உச்சம் தொடும். அது 835 எலக்ட்ரான்வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) அருகே இருந்தால் வேகம் 400 கிலோமீட்டர். உச்சத்தின் அகலத்திலிருந்து வெப்பநிலையும், மொத்த எண்ணிக்கையிலிருந்து அடர்த்தியும் கிடைக்கின்றன. ஆதித்யாவில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய ஆஸ்பெக்ஸ், திருவனந்தபுரத்தில் உருவான பாபா ஆகிய இரு கருவிகளும் இவ்வகைப் பணிக்கானவை.

வைகைக்கரையான்:
நன்றி ஐயா. ஹீலியம் எப்படிப் பிரிகிறது?

கொடைச்சாரல்:
ஏறத்தாழ அதே வேகத்தில் வரும் ஆல்பா துகளுக்கு, அதாவது ஹீலியம் அணுக்கருவுக்கு, புரோட்டானைவிட நிறை நான்கு மடங்கு, மின்னூட்டம் இரண்டு மடங்கு. ஆகவே இரட்டிப்பு அழுத்தத்தில் இரண்டாவது, சிறிய உச்சமாகத் தெரியும்.

பழைய மாணவன், திருமங்கலம்:
ஒரு திருத்தம். எலக்ட்ரான்கள் ஆறையும் இழந்த கார்பனுக்கும் ஆல்பாவுக்கும் நிறை-மின்னூட்ட விகிதம் ஒன்றே என்பதால், தகடுகளால் மட்டும் அவற்றைப் பிரிக்க இயலாது. 1997இல் ஏவப்பட்ட ஏஸ் விண்கலத்தில், துகள் குறிப்பிட்ட தொலைவைக் கடக்கும் நேரத்தையும் எஞ்சிய ஆற்றலையும் சேர்த்து அளந்தே இதைச் செய்தார்கள். காந்தப்புலத்துக்கோ தனிக் கருவி வேண்டும். விண்கலத்தின் சொந்த மின்சுற்றுகளும் காந்தப்புலத்தை உண்டாக்குவதால், ஆதித்யாவின் காந்தமானிகளை 6 மீட்டர் நீளக் கையில் தள்ளி வைத்திருக்கிறார்கள்.