வேகமான சுஷி கவுண்டரில் அப்பாவுக்காக நேரம் கேட்பது எப்படி?

டோக்கியோவில் இருப்பவர்கள் உதவுங்கள். தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் அப்பாவை (வயது 71, பல்செட்) ஷிம்பாஷி பக்கம் ஒரு சின்ன ஒமகாசே (சமையல்காரரே தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகத் தரும்) கவுண்டருக்கு இந்த மாதம் இரண்டு முறை கூட்டிப்போனேன். எட்டே இருக்கை, 50 நிமிடம், 14 நிகிரி (சோற்றுப் பிடியின் மேல் மீன் வைத்த சுஷி). இரண்டு முறையும் ஆறாவது துண்டிலேயே அப்பா பின்தங்கிவிட்டார்.

சமையல்காரரின் கை நிற்பதே இல்லை. அப்பா சூதோரோவை (கொழுப்புள்ள சூரை மீன்) மென்றுகொண்டிருக்கும்போதே அடுத்து இகுரா (சால்மன் மீன்முட்டை) வந்துவிட்டது. அதை எடுத்து வாயில் வைப்பதற்குள் அதைச் சுற்றி மொறுமொறுவென்றிருந்த நோரி (கடற்பாசித் தாள்) நமத்துப்போய்விட்டது, சோற்றின் இளஞ்சூடும் போய்விட்டது. இரண்டாம் முறை அவசரத்தில் புரையேறி, கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அதிலிருந்து எனக்குப் பயம்.

'ஷாரி சுகுனமே' (சோறு குறைவாக) என்று சொல்லிப் பார்த்தேன். சோறு குறைந்தது, வேகம் குறையவில்லை. முன்பதிவிலேயே பல் விஷயத்தை எழுதினேன். ஓர இருக்கை கேட்டு வாங்கினேன். கணவாய், ஆக்டோபஸ் வேண்டாமென்றேன், அது கொஞ்சம் உதவியது. துண்டை இரண்டாக வெட்டித் தரச் சொல்ல அப்பா சம்மதிக்கவில்லை.

வேறு கடைக்கு வரமாட்டேன் என்கிறார். அங்கே கொடுக்கும் கொஹாடா, உப்பும் வினிகரும் ஏறிய அந்தச் சின்ன வெள்ளி மீன், அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. கடலோரத்தில் மீன் தின்று வளர்ந்தவர், சும்மா சொல்லமாட்டார். ஊருக்குக் கிளம்ப 12 நாள்தான் இருக்கிறது.

பக்கத்தில் இருப்பவர்களைக் காக்கவைக்காமல், அப்பாவுக்கு மட்டும் மெதுவாகத் தரும்படி சமையல்காரரிடம் ஜப்பானிய மொழியில் எந்த வார்த்தைகளில் கேட்கலாம்?