படிவத்தில் கைபேசியை விட்டுவிட்டோம்

உறுப்பினர்களிடம் கருத்தாய்வு எடுத்த அனுபவம் கேட்டிருந்தீர்கள். எங்களுடையதை எழுதுகிறேன். இதே தவறை இன்னொரு குழு செய்ய வேண்டாம்.

பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள், OCR) எடுத்துத் தரும் உரையை மெய்ப்புப் பார்க்கும் தன்னார்வக் குழு எங்களுடையது. எல்லாம் இணைய வழிதான். நேரில் பார்த்துக்கொண்டவர்கள் குறைவு. சேர்ந்தவர்களில் பலர் இரண்டு மாதத்தில் ஓய்ந்துபோனார்கள். காரணம் தெரிய வேண்டுமே என்று கூகுள் படிவத்தில் 24 கேள்விகள் போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினோம். வந்த பதில்களைப் பார்த்தால் எல்லோரும் கணினியில்தான் வேலை செய்கிறார்கள். சரி என்று, படமும் உரையும் அருகருகே தெரிகிற மாதிரி பெரிய திரைக்கான வசதியைச் செய்ய உட்கார்ந்தோம்.

அந்த வாரம் குழுவில் இருக்கும் ஓர் அக்காவிடம் வேறு விஷயமாகப் பேசினேன். ஒரு காலத்தில் தினமும் பத்துப் பக்கம் பார்த்தவர். படிவத்தை நிரப்பினீர்களா என்று கேட்டேன்.

"மூணாவது கேள்வியிலேயே நின்னுட்டேன் தம்பி. விண்டோஸா, லினக்ஸா, மேக்கான்னு கேட்டிருந்தீங்க. எங்க வீட்டுல கம்ப்யூட்டரே கிடையாது, எல்லாம் போன்லதான். ஒண்ணைத் தொடாம அடுத்த பக்கம் போகவும் விடல."

படிவத்தைத் திறந்து பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், அதாவது கட்டாயக் கேள்வி. 'கைபேசி' இல்லை, 'மற்றவை' கூட இல்லை. போனில் வேலை செய்கிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, எல்லோரிடமும் கணினி இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தோம். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

இரண்டாம் முறை 6 கேள்விகள்தான். கட்டாயம் எதுவும் இல்லை. தொலைபேசி எண் கேட்ட இடத்தை எடுத்துவிட்டோம். அதைப் பார்த்துச் சில பெண்கள் தயங்கியதையும் அக்காதான் சொன்னார். அனுப்பும் முன் அவரிடமும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமும் கொடுத்து வாய்விட்டுப் படித்துக்கொண்டே நிரப்பச் சொன்னேன். 'பயனர் இடைமுகம்' என்ற இடத்தில் ஐயா நின்றுவிட்டார். உடனே மாற்றினோம்.

அப்புறம், "ஏன் பங்களிப்பதில்லை?" என்ற கேள்வியையும் நீக்கினோம். அப்படிக் கேட்டால் யாரும் 'நேரமில்லை' என்றுதான் எழுதுவார்கள். "கடைசியாக எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்? அப்போது என்ன நடந்தது?" என்று மாற்றிக் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். எழுத்துணரி அங்கே தடுமாறும். துணைக்காலையும் ரகரத்தையும் வேறு குழப்பும். எப்படித் திருத்துவது என்று கேட்க ஆளில்லாமல் பாதிப் பக்கத்தில் விட்டிருக்கிறார்கள்.

இப்போது இரவு 9 முதல் 10 வரை எங்களில் ஒருவர் குழுவில் இருந்து சந்தேகம் தீர்க்கிறார். அக்கா விட்ட பக்கத்திலிருந்தே மறுபடி தொடங்கிவிட்டார்.

பதில்:

உங்கள் குழுவுக்கு மட்டும் நடந்ததில்லை. 2008-இல் விக்கிப்பீடியாவில் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், பங்களிப்பாளர்களில் பெண்கள் 12.7 சதவீதம் என்று வந்தது. பெஞ்சமின் மேக்கோ ஹில், ஆரன் ஷா என்ற ஆய்வாளர்கள் அதைப் பியூ ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் எடுத்த கணக்கெடுப்போடு ஒப்பிட்டு, யார் பதில் தராமல் போனார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 2013-இல் வெளியான அவர்கள் கட்டுரையில் பெண்களின் மதிப்பீடு 16.1 சதவீதம் ஆனது.

அதைப் படித்த பிறகு நாங்கள் எத்தனை பேருக்கு அனுப்பினோம், எத்தனை பேர் நிரப்பினார்கள் என்பதை முடிவுகளுக்கு மேலேயே போடுகிறோம். நிரப்பாதவர்களில் நாலைந்து பேரைத் தனியாக அழைத்தும் பேசுகிறோம்.

அந்த 6 கேள்விகளையும் இங்கே இட முடியுமா? அடுத்த மாதம் எங்களுக்குத் தேவைப்படும்.